‘கேலப் வேண்டும்!’: தடுமாறும் கல்லூரி குவார்ட்டர்பேக்கை ரசிகர்கள் திட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையால் வீசி ஆடுகிறார்களே, அந்த ஃபுட்பால். பெரும்பாலும் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக்காக ஆடிய ஸ்பென்சர் ராட்லரை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். அவரைவிட மோசமாக ஆடி, அவரைவிட அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அவர் விஷயத்தில், ஆட்டக் கணக்குப்படி பார்த்தால், அவரை எடுத்துவிட்டுப் பெஞ்சில் இருந்த கேலப்பை இறக்கு என்று கத்திய கூட்டம் சொன்னது சரியாகவே போய்விட்டது. அதனால்தான் அந்தக் கதையைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியவில்லை.

குவார்ட்டர்பேக் என்பவர் யார்? எல்லாரும் ஏன் அவரையே பிடித்துக்கொள்கிறார்கள்?

தாக்கி ஆடும் அணியில் 11 பேர். அநேகமாக எல்லா பிளேயிலும் (பந்தை எடுத்து ஆடும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிளே) பந்தைத் தொடுகிறவர்கள் அதில் இரண்டே பேர். சென்டர் குனிந்து பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுப்பார், குவார்ட்டர்பேக் வாங்குவார். வீசுவதா, ஓடுகிறவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று சுமார் மூன்று விநாடிக்குள் அவர் முடிவெடுத்தாக வேண்டும். கேமராவும் அவர் பின்னாலேயே போகும். சென்டர் பெயர் என்ன என்று கேட்டால் அரங்கில் பாதிப் பேர் விழிப்பார்கள். ஜெயித்தால் மாலையும் தோற்றால் ஏச்சும் குவார்ட்டர்பேக்குக்குப் போவது அதனால்தான்.

அந்தக் கோஷம் எப்போது எழுந்தது?

2021 செப்டம்பர் 25, நார்மன் நகரில், ஓக்லஹோமாவின் சொந்த அரங்கில். 80,000 பேருக்கு மேல் உட்காரும் இடம். எதிரணி வெஸ்ட் வர்ஜீனியா. இரண்டாவது கால்பகுதியில் ராட்லர் வீசிய ஒரு பந்தை எதிரணி பிடித்துவிட்டது. இதைத்தான் இன்டர்செப்ஷன் என்கிறார்கள். உடனே மாணவர்கள் உட்காரும் பக்கத்திலிருந்து ‘வீ வான்ட் கேலப்’ என்று கோஷம் கிளம்பியது. கேலப் வில்லியம்ஸ் முதலாண்டு மாணவர், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேக்கப். டிவியில் பார்த்தவர்களுக்குக்கூடக் கோஷம் தெளிவாகக் கேட்டது.

ராட்லருக்கு 21 வயது நிறைய இன்னும் மூன்று நாள் இருந்தது.

அந்த ஆட்டத்தின் முடிவையும் சொல்ல வேண்டும். 13-13 என்று சமமாக இருந்தபோது, தன் அணியின் கோல் கோட்டுக்கு வெறும் 8 யார்டு முன்னாலிருந்து ஆரம்பித்து 14 பிளேயில் 80 யார்டு அணியை நகர்த்திக் கொண்டுபோனவர் அதே ராட்லர்தான். நேரம் முடியும் தருவாயில் கேப் பிர்கிச் 30 யார்டிலிருந்து உதைத்த ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) உள்ளே போய், ஓக்லஹோமா 16-13 என்று தப்பித்தது. அன்று ராட்லர் வீசிய 36 பந்துகளில் 26 போய்ச் சேர்ந்தன. நூற்றுக்கு 72. இந்தக் கணக்கை மட்டும் காகிதத்தில் பார்க்கிறவருக்கு எதற்கு இவ்வளவு கூச்சல் என்று தோன்றும்.

அப்படியானால் எதற்குத்தான் கூச்சல்?

அதற்கு அவருக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவர்களைப் பார்க்க வேண்டும். கோச் லிங்கன் ரைலி பொறுப்பேற்ற 2017இல் பேக்கர் மேஃபீல்டு ஹைஸ்மன் விருது வாங்கினார். கல்லூரி ஃபுட்பாலில் தனி வீரருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய விருது அது. அடுத்த ஆண்டு கைலர் மர்ரியும் வாங்கினார். தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துப் பொறுக்கி எடுக்கும் டிராஃப்டில் இருவருமே முதல் ஆளாக எடுக்கப்பட்டார்கள். 2019இல் ஜேலன் ஹர்ட்ஸ் ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தார். மூன்று வருஷம் தொடர்ந்து இப்படி விருந்து சாப்பிட்ட கூட்டம் அது.

நான்காவதாக வந்த ராட்லர் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பக்கத்துப் பையன். அவர் பள்ளி முடித்த ஆண்டில் நாட்டிலேயே முதல் குவார்ட்டர்பேக் என்று மதிப்பிடப்பட்டவர். 2020இல் 28 டச்டவுன் (எதிரணியின் கோல் பகுதிக்குள் பந்தைச் சேர்ப்பது, ஆறு புள்ளி) வீசினார், 3,031 யார்டு சேர்த்தார், ஓக்லஹோமா அப்போது ஆடிய பிக் 12 என்ற லீகின் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தார். 2021 சீசன் தொடங்கும்போது ஓக்லஹோமாவுக்கு நாட்டில் இரண்டாம் இடம். ஹைஸ்மன் யாருக்கு என்ற பேச்சில் முதலில் வந்த பெயர் ராட்லர்.

அப்புறம் ஆட்டங்கள் வந்தன. டூலேனை 40-35 என்று தட்டுத் தடுமாறி ஜெயித்தார்கள். நெப்ராஸ்காவை 23-16. பிறகு இந்த 16-13. நடுவே வந்த ஒரு சுலப வெற்றியையும் சேர்த்தால் நான்கு ஆட்டத்தில் நான்கு வெற்றி, ஆனால் யாருக்கும் திருப்தியில்லை. ஆட்டத்துக்கு 40 புள்ளிக்கு மேல் எடுத்துப் பழகிய ஊரில் 16 புள்ளி எடுத்தால் ஜெயித்தாலும் முகம் சுளிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளிக் காலத்திலேயே ராட்லர் ஒரு நெட்ஃபிளிக்ஸ் தொடரில் வந்தார். கொஞ்சம் திமிர் பிடித்த பையன் என்ற எண்ணம் அதிலிருந்து பலருக்கு ஒட்டிக்கொண்டது. நன்றாக ஆடும்வரை அதைத் தன்னம்பிக்கை என்று சொன்னவர்கள், சொதப்பியதும் ‘அப்பவே சொன்னேன்ல’ என்று ஆரம்பித்தார்கள்.

உண்மையில் அவர் சொதப்பினாரா, இல்லையா?

சொதப்பினார். ஆனால் கூட்டம் நினைத்த அளவுக்கு இல்லை, கூட்டம் நினைத்த காரணத்துக்காகவும் இல்லை.

வழக்கமாகத் தடுப்பு அணி நாலு பேரைக் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயவிட்டு, ஏழு பேரைப் பின்னால் நிறுத்தும். ரைலியின் அணிகள் தூரப் பந்து வீசியே எல்லாரையும் நொறுக்கியதால், பிக் 12 அணிகள் வேறு வழி கண்டுபிடித்தன. மூன்று பேர் மட்டும் பாய்வார்கள், எட்டுப் பேர் பின்வாங்கி நிற்பார்கள். பந்து வாங்க ஓடக்கூடியவர்கள் அதிகபட்சம் ஐந்து பேர். ஐந்து பேரை எட்டுப் பேர் காவல் காத்தால் தூரத்தில் ஆள் எங்கே கிடைப்பார்? அயோவா ஸ்டேட் இதில் கைதேர்ந்த அணி. மற்றவர்களும் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

இதற்கு மருந்து எல்லாருக்கும் தெரிந்ததுதான்: பந்தை ஓட்டக்காரரிடம் கொடு, இல்லையென்றால் ஐந்தாறு யார்டு தூரத்தில் சும்மா நிற்பவனுக்குத் தட்டிவிடு, அலுக்காமல் அதையே செய். ராட்லருக்கு அந்தப் பொறுமை இல்லை என்பது என் எண்ணம். கை பலம் உள்ளவனுக்குச் சின்னப் பந்து வீசுவது கசப்பான காரியம். தூரத்தில் காவல் இல்லாமல் யாராவது கிடைப்பார்களா என்று காத்திருப்பார். காத்திருக்கும்போது முன்னால் ஐந்து லைன்மேன்கள் கட்டிய அரண் சரியும், இவர் பக்கவாட்டில் ஓடுவார், ஓடிக்கொண்டே வீசுவார். வெஸ்ட் வர்ஜீனியா ஆட்டத்தில் அவர் வீசிய 36 பந்துக்கு மொத்தம் 256 யார்டு. சராசரி ஏழு சொச்சம். மோசமில்லை, ஆனால் எதிரணிக்கு வயிற்றைக் கலக்குகிற எண்ணும் இல்லை.

அந்த அரணும் பழைய அரண் இல்லை. 2020இல் சென்டராக நின்ற க்ரீட் ஹம்ஃப்ரி என்எஃப்எல்லுக்குப் போய்விட்டார். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து மற்ற நாலு லைன்மேன்களுக்கும் யார் யாரைத் தடுப்பது என்று சொல்கிறவர் சென்டர். எட்டுப் பேர் பின்வாங்கினால் முட்டி மோதி ஓடித் தண்டனை கொடுக்கக்கூடிய ரமாண்ட்ரே ஸ்டீவன்சனும் அதே வருஷம் போய்விட்டார். ‘ஹம்ஃப்ரி வேண்டும்’ என்று கோஷம் போட யாருக்கும் தோன்றவில்லை. போட்டிருந்தால் அது இன்னும் சரியான கோஷமாக இருந்திருக்கும்.

இன்டர்செப்ஷன் ஆனால் வீசியவன் தப்புத்தானே?

பாதி நேரம்தான். பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் உள்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வெளிப்பக்கம் திரும்பினால், யாருமில்லாத இடத்துக்குப் பந்து போகும், எதிரணிக்காரர் பிடிப்பார். ரிசீவர் கையில் பட்டுத் தெறித்த பந்தை இன்னொருவர் பிடிப்பார். வீசும் கையை யாராவது தட்டினால் பந்து காற்றில் மிதக்கும். எல்லாமே பதிவேட்டில் குவார்ட்டர்பேக் பெயரில்தான் ஏறும். இவற்றில் எது அவர் தப்பு, எது இல்லை என்பது அணிக்குள் இருப்பவர்களுக்கு மறுநாள் வீடியோ போட்டுப் பார்க்கும்போதுதான் தெளிவாகும். அன்று ராத்திரியே தீர்ப்பு எழுதிவிடுகிற நமக்கு அந்த வசதி இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் ஏன் எப்போதும் பெரிய ஆளாகத் தெரிகிறார்?

அவர் இன்னும் ஒரு தப்பும் செய்யவில்லையே! கல்யாணம் ஆகாத வரைக்கும் எல்லா மாப்பிள்ளையும் நல்ல மாப்பிள்ளைதான்.

இதற்கு நேர் உதாரணம் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் டி.ஜே. ஊயங்கலலே. 2020இல் அங்கே முதல் குவார்ட்டர்பேக்காக இருந்த டிரெவர் லாரன்ஸுக்குக் கோவிட் வந்தபோது, முதலாண்டு மாணவரான இவர் இறங்கினார். நோட்ர டேமுக்கு எதிராக 439 யார்டு வீசினார். அணி இரண்டாவது கூடுதல் நேரத்தில் 47-40 என்று தோற்றது, ஆனாலும் ஊரே இவரைத் தலையில் தூக்கி வைத்தது. அடுத்த வருஷம் ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தை முதலில் தொடங்குகிறவர், ஆனார். 9 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன். உடனே கூட்டத்தின் கண் அடுத்த பையன் மேல் போயிற்று: கேட் க்ளப்னிக். 2022 டிசம்பரில், கிளெம்சன் ஆடும் லீகான ஏசிசியின் இறுதி ஆட்டத்தில் நார்த் கரோலினாவுக்கு எதிராகச் சீக்கிரமே ஊயங்கலலேயை வெளியே எடுத்து க்ளப்னிக்கை இறக்கினார்கள். 39-10, கோலாகலம். பிறகு 2023இல் க்ளப்னிக் தடுமாறியபோது அவருக்கும் அதே ஏச்சு. 2024இல் நன்றாக ஆடினார், ஊர் அமைதியானது. 2025இல் அணி சரிந்தது, மறுபடி அவர்தான் குற்றவாளி.

ஆனால் கேலப் வில்லியம்ஸ் விஷயத்தில் ரசிகர்கள் சொன்னது சரிதானே?

சரிதான். இதை மழுப்பிப் பிரயோஜனமில்லை.

2021 அக்டோபர் 9, டாலஸ் நகரின் காட்டன் போல் அரங்கம். ஓக்லஹோமாவும் டெக்சாஸும் ஆண்டுதோறும் மோதும் இடம். டெக்சாஸ் மாநிலப் பொருட்காட்சி நடக்கும் மைதானத்துக்குள்ளேயே அரங்கம் இருக்கிறது. இருக்கைகளில் ஒரு பாதி கருஞ்சிவப்பு, மறுபாதி ஆரஞ்சு. முதல் கால்பகுதி முடிந்தபோது டெக்சாஸ் 28-7 என்று முன்னால் இருந்தது. ராட்லர் ஒரு இன்டர்செப்ஷன், ஒரு ஃபம்பிள் (கையிலிருந்த பந்தைத் தவறவிட்டது). இரண்டாம் கால்பகுதியில் ரைலி அவரை வெளியே எடுத்தார்.

வில்லியம்ஸ் வந்தார். பத்து யார்டு நகர ஓர் அணிக்கு நாலு வாய்ப்பு, அதாவது நாலு டவுன். இது நான்காவது டவுன், ஒரு யார்டு தேவை. பந்தை எடுத்துக்கொண்டு 66 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 21 புள்ளி வரைக்கும் பின்தங்கிய அணி, மூன்று விநாடி மிச்சமிருக்கையில் கென்னடி புரூக்ஸ் 33 யார்டு ஓடியதில் 55-48 என்று ஜெயித்தது. நடுவே, ஒரு டச்டவுனுக்குப் பிறகு கூடுதலாக இரண்டு புள்ளி எடுக்கும் ஒரே ஒரு முயற்சிக்கு மட்டும் ராட்லர் உள்ளே வந்தார், அதை முடித்துக்கொடுத்துவிட்டுத் திரும்பப் போய் நின்றார். அந்த ஆட்டத்தில் எனக்கு மறக்காத பிளே அது. வில்லியம்ஸ் பின்னால் 2022 ஹைஸ்மன் வாங்கினார், 2024 டிராஃப்டில் சிகாகோ பேர்ஸ் அணி அவரை முதல் ஆளாக எடுத்தது. எந்த அளவுகோலிலும் அவர் ராட்லரைவிடப் பெரிய திறமைசாலி.

ஆக, மாணவர் பகுதியின் மதிப்பீட்டில் பிழையில்லை. ஆனால் அந்த மதிப்பீட்டுக்கு அவர்களுக்கு என்ன ஆதாரம் இருந்தது? வில்லியம்ஸ் பெரிய ஆட்டம் எதிலும் அதுவரை இறங்கியதில்லை. பயிற்சியில் அவரைத் தினமும் பார்த்தவர் ரைலி, நாம் இல்லை. குருட்டாம்போக்கில் எறிந்த கல் மாங்காயில் பட்டது. க்ளெம்சனில் எறிந்ததும் அதே மாதிரிக் கல்தான்.

வில்லியம்ஸ் வந்தபிறகு எல்லாம் சரியாகிவிட்டதா?

சில வாரத்துக்கு. டெக்சாஸ் ஆட்டத்துக்குப் பிறகு அடுத்த ஸ்டார்ட்டர் யார் என்பதை ரைலி ராணுவ ரகசியம் போலக் காத்தார். பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகை பொதுக் கட்டடம் ஒன்றிலிருந்து பயிற்சியைப் பார்த்து, வில்லியம்ஸ்தான் முதல் அணியோடு ஆடுகிறார் என்று எழுதிவிட்டது. கோச்சுக்குக் கோபம், அந்த வாரம் நிருபர்களுக்குக் கதவடைப்பு. என்னைக் கேட்டால் பத்திரிகைக்காரப் பிள்ளைகள் செய்ததில் தவறே இல்லை.

அக்டோபர் 23இல் பலவீனமான கான்சஸ் அணியிடம் பாதி ஆட்டம் வரை 10-0 என்று பின்தங்கினார்கள். பிற்பாதியில் ஒரு நான்காவது டவுனில் புரூக்ஸைப் பின்னாலேயே மடக்கிவிட்டார்கள். வில்லியம்ஸ் அவர் கையிலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு தானே ஓடித் தேவையான தூரத்தை எடுத்தார். பயிற்சியில் சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயமா அது! 35-23 என்று தப்பித்தார்கள். நவம்பர் 13இல் பேய்லரிடம் 27-14 தோல்வி. வில்லியம்ஸ் இரண்டு இன்டர்செப்ஷன் கொடுத்தார். பிற்பாதியில் சற்று நேரம் அவரை நிறுத்திவிட்டு ரைலி யாரை இறக்கினார்? ராட்லரை. எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தும் தடுப்பு வில்லியம்ஸையும் கட்டிப்போட்டது.

சீசன் முடிந்ததும் ரைலி தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யுஎஸ்சிக்குப் போனார், வில்லியம்ஸும் பின்னாலேயே போனார். யாருக்காகக் கோஷம் போட்டார்களோ அவர் நார்மனில் ஆடியது அந்த ஒரே சீசன்.

ராட்லர் என்ன ஆனார்?

சவுத் கரோலினாவுக்கு மாறினார். அங்கே கோச் ஷேன் பீமர், முன்பு ஓக்லஹோமாவில் ரைலியிடம் வேலை பார்த்தவர், ராட்லரை நன்றாகத் தெரிந்தவர். அங்கேயும் ஆரம்பம் சுமார்தான். 2022 நவம்பர் 12இல் ஃப்ளோரிடாவிடம் 38-6 என்று உதை வாங்கினார்கள். அடுத்த வாரம் ஐந்தாம் இடத்தில் இருந்த டென்னசி வந்தது. ராட்லர் 37 வீசி 30 சேர்த்தார், 438 யார்டு, ஆறு டச்டவுன். 63-38. ஒரே வாரத்தில் இரண்டு வேறு மனிதர்கள் மாதிரி.

அதற்கடுத்த வாரம் கிளெம்சனின் சொந்த அரங்கில் 31-30 என்று வென்று, அவர்கள் தங்கள் ஊரில் தொடர்ந்து 40 ஆட்டம் ஜெயித்த வரிசையை முறித்தார்கள். அன்று எதிர்ப்பக்கத்தில் நின்ற குவார்ட்டர்பேக் ஊயங்கலலே. அவர் வீசிய 29 பந்தில் எட்டுத்தான் போய்ச் சேர்ந்தது. ஒரே மைதானத்தில் ஊர்க்காரர்கள் கைகழுவிய ஒருவரும், கைகழுவிக்கொண்டிருந்த ஒருவரும்.

2024 டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் ராட்லரை எடுத்தது. 2025 அக்டோபர் 5இல் ஜயன்ட்ஸை 26-14 என்று வென்றது என்எஃப்எல்லில் ஸ்டார்ட்டராக அவருடைய முதல் வெற்றி. அந்த மாதம் முடிவதற்குள் டைலர் ஷஃப் என்ற புதியவரிடம் இடத்தை இழந்தார்.

கூச்சலால் ஆட்டம் பாதிக்குமா, அல்லது அது வெறும் சத்தமா?

சொந்த ஊர் ரசிகர்கள் பொதுவாகத் தங்கள் அணி கையில் பந்து இருக்கும்போது அமைதியாக இருப்பார்கள், எதிரணி கையில் இருக்கும்போது கத்துவார்கள். காரணம் சாதாரணம்: குவார்ட்டர்பேக் வாயால் கொடுக்கும் குரலை வைத்துத்தான் லைன்மேன்கள் எழுகிறார்கள். சத்தம் அதிகமானால் குரல் கேட்காது, முன்கூட்டியே அசைந்து ஐந்து யார்டு அபராதம் வாங்குவார்கள். சொந்தக் கூட்டமே தன் ஆளின் தலைக்கு மேல் கோஷம் போடும்போது எதிரணிக்கு இலவச உதவி செய்கிறது.

மனசு பாதிக்குமா என்றால், ஆளைப் பொறுத்தது. கோஷத்துக்கு அடுத்த வாரம் கான்சஸ் ஸ்டேட்டுக்கு எதிராக ராட்லர் 25இல் 22 சேர்த்தார். அதற்கு அடுத்த வாரம்தான் டாலஸ். இரண்டையும் கோஷத்தின் கணக்கில் எழுத முடியாது.

இப்போது இவர்கள் காசு வாங்குகிறார்களே. காசு வாங்கினால் ஏச்சும் வாங்கத்தானே வேண்டும்?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025-26 கல்வியாண்டிலிருந்து, நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகமே வீரர்களுக்குப் பணம் தரலாம். அந்தக் கல்வியாண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு ஏறக்குறைய 2.05 கோடி டாலராக இருந்தது. பெரிய அணிகளில் அதில் பெரும் பங்கு ஃபுட்பாலுக்குப் போகிறது, அதிலும் குவார்ட்டர்பேக்குக்குக் கணிசமாக.

எனவே ‘பாவம், படிக்கிற பையன்’ என்ற பழைய வாதம் பாதி செல்லாது. ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு காரமாக வேண்டுமானாலும் பேசலாம்: மூன்றாவது டவுனில் பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறான், இடது பக்கம் பார்ப்பதே இல்லை, காலை ஊன்றாமல் வீசுகிறான். அம்மா அப்பாவை இழுப்பது, போனுக்குக் கொலைமிரட்டல் அனுப்புவது எல்லாம் எந்தச் சம்பளத்துக்குள்ளும் வராது. இதில் ‘ஆனால்’ எதுவும் இல்லை.

காசு வந்த அதே சமயத்தில் வீரருக்கும் ஒரு வழி திறந்தது. 2021 வசந்தத்தில் வந்த விதிப்படி, ஒரு தடவை கல்லூரி மாறினால் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டியதில்லை என்று ஆனது; 2024இல் ‘ஒரு தடவை’ என்ற வரம்பும் போய்விட்டது. உன் ஊர் வேண்டாம் என்று அவரும் கிளம்பலாம். ராட்லர் கிளம்பினார்.

சூதாட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, வளர்ந்துகொண்டும் இருக்கிறது. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பல மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கின. யார் ஜெயிப்பார் என்பது மட்டுமில்லை, ‘இவர் இன்று 250 யார்டு தாண்டுவாரா’ என்று ஒரு மாணவர் பெயரிலேயே பணம் கட்டலாம். அவர் 240இல் நின்றால், தன் அணி ஜெயித்தாலும் பணம் போனவன் அவருக்கு நேராக வசை அனுப்புகிறான். இவனை ரசிகன் என்றே சொல்லக்கூடாது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏயின் தலைவர் சார்லி பேக்கர் 2024இல் இந்த வகைப் பந்தயத்தைத் தடை செய்யும்படி மாநிலங்களைக் கேட்டார். ஓஹாயோ தடை செய்தது.

கோச் என்ன செய்ய வேண்டும்? கூட்டம் கேட்டதும் மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றத்தான் வேண்டும். 2018 ஜனவரி 8, அட்லாண்டா, தேசிய இறுதி ஆட்டம். பாதி ஆட்டத்தில் அலபாமா 13-0 என்று ஜார்ஜியாவிடம் பின்தங்கியிருந்தது. ஸ்டார்ட்டராகப் பெரும்பாலும் வென்றே பழகிய ஜேலன் ஹர்ட்ஸை அலபாமா கோச் நிக் சேபன் உட்கார வைத்தார். டுவா டகோவைலோவா வந்து கூடுதல் நேரத்தில் 41 யார்டு டச்டவுன் வீசி 26-23 என்று முடித்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 1இல், அதே அரங்கில், அதே ஜார்ஜியாவுக்கு எதிராக டுவாவுக்குக் காயம். ஒரு சீசன் முழுக்க பெஞ்சில் காத்திருந்த ஹர்ட்ஸ் உள்ளே வந்து 28-21 பின்தங்கலை 35-28 வெற்றியாக்கினார். பிறகுதான் ஓக்லஹோமாவுக்கு மாறினார். அங்கே 2019இல் அவருக்குப் பின்னால் பெஞ்சில் காத்திருந்தவர்களில் ஒருவர் ராட்லர். 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் போலை வென்றபோது சிறந்த வீரர் விருதும் ஹர்ட்ஸுக்குத்தான்.

சேபன் மாற்றியது ஆட்டத்தைப் பார்த்து. கூட்டம் பெயர் சொல்லிக் கத்தியதால் மாற்றினால், அடுத்த பையன் முதல் இன்டர்செப்ஷன் கொடுத்ததும் அரங்கைத்தான் திரும்பிப் பார்ப்பான்.

பெரிய குடும்பப் பெயர் இருந்தால் கொஞ்சம் விட்டுப் பிடிப்பார்களா?

இன்னும் மோசம். டெக்சாஸின் ஆர்ச் மானிங்கை எடுத்துக்கொள்ளுங்கள்: தாத்தா ஆர்ச்சி, சித்தப்பாக்கள் பேட்டன், ஈலை மூவருமே என்எஃப்எல் குவார்ட்டர்பேக்குகள். 2025 சீசன் தொடங்கும் முன் டெக்சாஸ் நாட்டில் முதலிடம், ஹைஸ்மன் இவருக்கே என்றார்கள். முதல் ஆட்டத்தில் ஓஹாயோ ஸ்டேட்டிடம் 14-7 தோல்வி. இரண்டு வாரம் கழித்து ஆஸ்டினில் யூடெப் என்ற சின்ன அணிக்கு எதிராக 25இல் 11தான் சேர்த்தார். ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே சொந்த ரசிகர்கள் ஊளையிட்டார்கள். நவம்பர் இறுதியில் அதுவரை தோற்காத டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை 27-17 என்று அவர் தலைமையில் வென்றபோது அதே அரங்கம் எழுந்து நின்றது.

அடுத்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் சொதப்புகிறாரா என்று எப்படிப் பார்ப்பது?

பந்தைப் பின்தொடராதீர்கள், கஷ்டம்தான், முயன்று பாருங்கள். ஸ்னாப் ஆனதும், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்ததும், எத்தனை பேர் பாய்கிறார்கள் என்று எண்ணுங்கள். மூன்று பேர் மட்டும் பாய்ந்தும் அவர் அவசர அவசரமாக வீசினால் அவர் மேல் சந்தேகப்படலாம். ஐந்தாறு பேர் பாய்ந்து இரண்டு விநாடியில் அவர் மேல் ஒருவர் விழுந்தால் லைன்மேன்களைப் பாருங்கள், குறிப்பாக வலக்கை ஆட்டக்காரரின் முதுகுப் பக்கத்தைக் காக்கும் இடது ஓர லைன்மேனை (இடது டேக்கிள்). ரீப்ளேயில் ரிசீவர்களுக்கும் பக்கத்திலிருக்கும் தடுப்பாளருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கவனியுங்கள். யாருக்கும் ஒரு அடிகூட இடம் இல்லையென்றால் எந்தக் கேலப் வந்தாலும் வீச இடம் கிடைக்காது.